மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்: விற்கப்போகும் வீட்டைத் தயார்செய்வது எப்படி

சென்னைப் புறநகரில் 20, 25 வருடம் ஆன தனி வீடு விலைக்கு வந்தால், வாங்க நினைப்பவர்கள் ஒரே தடவையில் பார்த்து முடிவெடுப்பதில்லை. முதல் தடவை கணவனும் மனைவியும் வருவார்கள். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "கலந்துக்கிட்டு சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். பிடித்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார், தெரிந்த மேஸ்திரி, சில சமயம் வாஸ்து பார்ப்பவர் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கும். அதற்கும் பிறகு வக்கீல். வங்கிக் கடன் என்றால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர். விற்பவர்கள் முதல் தடவை வருகிறவர்களுக்காக வீட்டைச் சிங்காரித்து வைக்கிறார்கள். விலை இறங்குவதோ இரண்டாம் தடவை, மேஸ்திரி சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும்போது.

ஆகவே காசையும் உழைப்பையும் மேஸ்திரி பார்க்கும் இடங்களில் முதலில் போடுங்கள்: மொட்டை மாடி, சுவரின் அடிப்பகுதி, பாத்ரூமின் வெளிச்சுவர், தண்ணீர் வரும் வழி, தண்ணீர் போகும் வழி. திரைச்சீலையும் பூந்தொட்டியும் கடைசி இரண்டு நாள் வேலை.

மாதக் கணக்கு

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருகிறவர்கள் குறைவு. வந்து பிடித்துப்போனாலும் அட்வான்ஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். தை பிறந்ததும் தரகர்களின் போன் ஓயாது. தையைக் குறிவைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்வது நல்லது.

மொட்டை மாடி, ஓதம், குழாய் வேலைகளை ஆடி, ஆவணிக்குள் முடியுங்கள். சாயங்கால இடிமழை வரும் மாதங்கள்தான், இருந்தாலும் நடுவே காயும் நாட்கள் கிடைக்கும். அதன்பின் ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வேலையைக் காசு வாங்காமல் சோதித்துக் கொடுக்கும். எங்காவது கசிந்தால் சுண்ணக்கட்டியால் சுற்றி வட்டம் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழை விட்டதும் அந்த இடத்தில் மட்டும் மறுபடி கை வைத்தால் போதும். மார்கழியில் பெயிண்ட். பனியில் வெளிச்சுவர் காலையில் நனைந்திருக்கும் என்பதால் வெளிவேலையைப் 10 மணிக்கு மேல் தொடங்கச் சொல்லுங்கள். போகிக்குப் பரண் காலியாகிவிட வேண்டும். (பரணிலிருந்து இறங்குவதைப் பழைய பேப்பர் கடைக்கும் பாத்திரக்கடைக்கும் அனுப்புங்கள். பிளாஸ்டிக்கைத் தெருவில் கொளுத்தினால் பக்கத்து வீட்டுக்காரரின் பகைதான் மிஞ்சும். வாங்க வருகிறவர் அவரிடமும் இரண்டு வார்த்தை விசாரிப்பார்.)

அவ்வளவு அவகாசம் இல்லையென்றாலும் வேலைகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒழுக்கும் ஓதமும் முதலில், பிறகு கரையான் மருந்து, பிறகு பிளம்பிங்கும் எலெக்ட்ரிக்கலும், பிறகு மொசைக் பாலிஷ், அதன்பின் பெயிண்ட், கடைசியில் துப்புரவு. பெயிண்ட் அடித்த பிறகு மொசைக் மெஷினை இறக்கினால் அரைத்த கல்பால் முழங்கால் உயரத்துக்குச் சுவரில் தெறிக்கும். பெயிண்டுக்குப் பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தால் சுவிட்சுப் பெட்டியைச் சுற்றிச் சுவர் பெயரும். இரண்டிலும் பெயிண்டருக்கு இரண்டாம் தடவை கூலி.

மொட்டை மாடி

முதலில் பெருக்குங்கள். உடைந்த நாற்காலி, காலிப் பெயிண்ட் டப்பா, பழைய சிண்டெக்ஸ் மூடி எல்லாம் இறங்கட்டும். சன்ஷேடிலும் கைப்பிடிச் சுவரிலும் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் நீளக் கன்றுதானே என்று விடாதீர்கள். மேஸ்திரியின் கண் நேராக அங்கேதான் போகும், ஏனென்றால் வேர் பிடிக்கும் இடத்தில் வெடிப்பும் ஈரமும் இருக்கிறது என்று அர்த்தம். இலையை மட்டும் பிய்த்தால் ஒரு மாதத்தில் மறுபடி தழையும். வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, வேரை முழுதாக எடுத்து, தூசியைக் கழுவிவிட்டுக் கலவை வைத்து அடைக்க வேண்டும்.

அடுத்து, தண்ணீர் கட்டிப் பார்ப்பது. மழைநீர்க் குழாயின் வாயைச் சாக்குப்பந்தால் அடைத்து, ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விடுங்கள். மாடியில் மட்டம் இறங்குகிறதா என்பது கணக்கில்லை, வெயிலிலும் கொஞ்சம் போகும். கீழே சீலிங்கில் எந்த இடம் கறுக்கிறது என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சீலிங் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிற வீட்டில் தண்ணீர் கட்டும் வேலையே வேண்டாம், இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பழைய வீடுகளில் பெரும்பாலும் கசிவது தளத்தின் நடுவில் இல்லை. தட்டோடுகளின் இடுக்கு, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, குழாய் இறங்கும் வாய் ஆகிய மூன்றும்தான். ஒரு நாணயத்தால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கு விழுந்த சத்தம் வருகிற ஓடு அடியில் பிடிப்பு விட்டது, அதைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். இடுக்குகளில் உதிரும் பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, கழுவி, நீர்க்காப்பு மருந்து சேர்த்த கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். மூலையில் மூன்று அங்குலத்துக்குச் சாய்வாகப் பூச வேண்டும், செங்குத்தான மூலையில் தண்ணீர் தங்கிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் முடிந்து காய்ந்த பிறகுதான் மேலே அடிக்கும் நீர்க்காப்புப் பூச்சு. முதல் கோட்டு நெடுக்கில், அது காய்ந்ததும் இரண்டாவது குறுக்கில். இடுக்கை அடைக்காமல் வெள்ளைப் பூச்சை மட்டும் அடித்துவிட்டு, "டெரஸ் வாட்டர் ப்ரூஃப் பண்ணியாச்சு" என்று சொல்பவர்கள் அதிகம். அடியில் புகும் தண்ணீர் அடுத்த வெயிலில் ஆவியாகி அந்தத் தோலை அப்படியே உரித்துக் காட்டிவிடும்.

வேலை செய்தவரின் ரசீதையும், உத்தரவாதம் கொடுத்தால் அந்தத் தாளையும் கோப்பில் வையுங்கள். மொட்டை மாடியில் நின்று அந்தத் தாளைக் காட்டினால் மேஸ்திரியின் கேள்விகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஓதம் ஏறிய சுவர்

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, தொட்டால் மாவாக உதிர்கிறதா? வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? வாங்க வருகிறவர்கள் சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். பட்டி பார்த்து மேலே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பெயிண்டர் சொல்வார். கேட்காதீர்கள். ஈரச் சுவரில் வைத்த பட்டி சில வாரங்களில் பாளம் பாளமாகக் கழன்று வரும். அது சரியாக இரண்டாம் தடவை வருகிறவர்களின் கண்ணெதிரே நடந்தால், மறைக்கப் பார்த்தார்கள் என்ற எண்ணம் விழுந்துவிடும். அதன்பிறகு நீங்கள் உண்மையாகச் சொல்வதையும் நம்பமாட்டார்கள்.

சுவரில் ஈரம் இன்னும் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரோடு வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டிவிடுங்கள். அடுத்த நாள் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் அறையின் புழுக்கம், ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டாலே சரியாகும்.

சுவருக்குள்ளிருந்துதான் என்றால், முதலில் காரணத்தைத் தேடுங்கள். சுவரின் மறுபக்கம் பாத்ரூமா? வெளியே தோட்டத்து மண் தளமட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா? ஏசி தண்ணீர் சுவரோரம் சொட்டுகிறதா? செடிக்கு ஊற்றும் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்குகிறதா? இவற்றில் ஒன்று என்றால் கொத்தனார் வரும் முன்பே பாதி வேலை முடிந்தது. காரணம் நிலத்து ஈரம்தான் என்றால், ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியச் செதுக்கி, இடுக்குகளைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்துத் தள்ளி, சில நாள் ஆற விடுங்கள். பிறகு நீர்க்காப்புக் கலவை ஒரு கோட்டு, அதன் மேல் ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த பூச்சு. கலவையில் சேர்க்கும் திரவ மருந்து பெரும்பாலும் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்ற கணக்கு. பிராண்டுக்குப் பிராண்டு மாறும், டப்பாவில் எழுதியிருப்பதே சரி. அதிகம் ஊற்றினால் அதிகம் காக்கும் என்று நினைக்கும் கொத்தனார்கள் இருக்கிறார்கள், கலக்கும்போது கூடவே நில்லுங்கள். ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றி, நான்கு வாரம் காய விட்டு, அப்புறம்தான் பிரைமர். புதுப் பூச்சின் சுண்ணத்தன்மை தணியாமல் பெயிண்ட் ஏறினால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

போதிய காலமும் இல்லை, காசும் இல்லை என்றால், அந்தச் சுவரைச் சுரண்டிச் சுத்தமாக அப்படியே விட்டுவிட்டு, "இங்கே ஓதம் இருக்கு, கொத்தனார் இவ்வளவு கேட்டார்" என்று அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைக் காட்டுங்கள். தெரிந்த தொகைக்குத் தெரிந்த அளவே பேரம் நடக்கும். காரணம் தெரியாத ஈரத்துக்கு வாங்குபவர் மனதில் போடும் தொகை எப்போதும் அதைவிடப் பெரிது.

கரையான் கோடும் அப்படித்தான். மண்கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் சில நாளில் மறுபடி ஏறும். மருந்து அடிப்பவரை வைத்துத் தரையோரம் துளையிட்டு அடித்து, ரசீது வாங்குங்கள். செல்லரித்த நிலைச் சட்டத்தைப் புட்டியால் அடைக்காமல் அந்தத் துண்டை மட்டுமாவது ஆசாரியை வைத்து மாற்றுங்கள். பேனாவின் முனையால் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு.

வாடை, உப்புக்கறை, அடுப்படி

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் சாக்கடை வாடை அடித்தால், பத்துக்கு எட்டு தடவை செப்டிக் டேங்கில் கோளாறு இருக்காது. பாத்ரூம் தரைத் துளைக்கு அடியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் நானி டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் வாடையையும் கரப்பானையும் உள்ளே விடாமல் அடைக்கும் கதவு. ஒவ்வொரு துளையிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஆள் இல்லாத வீடு என்றால் அதன் மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விடுங்கள், சீக்கிரம் ஆவியாகாது. வாஷ்பேசினையும் மாடி பாத்ரூமையும் மறக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றியும் வாடை போகவில்லை என்றால்தான் டேங்க் மூடியின் இடுக்கையும் காற்றுக் குழாயையும் பார்க்க வேண்டும்.

போர் தண்ணீர் வீடுகளில் குழாயும் டைல்ஸும் வெள்ளை பூத்துக் கிடக்கும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ துணியை நனைத்துக் குழாயில் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட்டைக் குழாயில் ஊற்றினால் மேல்பூச்சு கறுத்துவிடும், டைல்ஸ் இடுக்கில் ஊற்றினால் சிமென்டை அரித்து இன்னும் கசிய வைக்கும். மொசைக்கிலும் மார்பிளிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடவே போடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் ஆளை மயங்கடிக்கும்.

அடுப்படியில் ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் பிடித்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடாவும் சுடுதண்ணீரும் போதும். ஃபேனைக் கழற்றி ஊறவைப்பதுதான் வழி, மேலே மேலே துடைத்தால் பிசுக்கு இடம்தான் மாறும். சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் கண்டிப்பாகத் திறந்து பார்ப்பார்கள். அங்கே பிளைவுட் உப்பியிருந்தால் கசியும் குழாயை முதலில் சரிசெய்து, அடிப்பலகையை மட்டும் மாற்றுங்கள்.

வாசனை விஷயத்தில் அடக்கி வாசியுங்கள். ரூம் ஸ்பிரேயும் ஊதுவத்தியும் தூக்கலாக அடித்தால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வரும் நாளுக்கு முந்தின இரவு கருவாடு, மீன் வேண்டாம். காலையில் எல்லா ஜன்னலையும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தாலே பாதி வாடை போய்விடும்.

தண்ணீரைப் பற்றிய கேள்விகள்

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளில் இது இருக்கும்: "2015-ல தண்ணி உள்ள வந்துச்சா? மிக்ஜாம்ல?" 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் புயலையும் ஊரே நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் மழுப்பினாலும் தெருமுனை இஸ்திரிக் கடையில் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் வந்திருந்தால் எத்தனை அங்குலம், எத்தனை மணி நேரம், அதன்பிறகு தெருவில் மழைநீர் வடிகால் போட்டார்களா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான்கு வரியில் சொல்ல முடிய வேண்டும். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போட்டிருந்தால் மூடியைத் திறந்து காட்டுங்கள்.

சாலையின் மேல் சாலை போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்ட தெருக்கள் ஏராளம். நேரான மரச்சட்டத்தையும் ரசமட்டத்தையும் வைத்துச் சாலையின் நடுமட்டத்துக்கும் போர்ட்டிகோ தளத்துக்கும் எத்தனை அங்குல வித்தியாசம் என்று அளந்து எழுதி வையுங்கள். வீடு உயரமாக இருந்தால் அது விளம்பரத்தின் முதல் வரியில் வர வேண்டிய சேதி. பள்ளம் என்றால் அந்த எண் உங்களுக்கே தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது கோடை. 2019-ல் ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்கள், மே மாதத்தில் போர் எப்படி என்று கேட்பார்கள். போரின் ஆழம், எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும், மோட்டார் எத்தனை எச்பி, சம்ப் எத்தனை லிட்டர், மெட்ரோ தண்ணீர் இணைப்பு உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை அவர்கள் முன்பே டம்ளரில் வைத்துக் காட்டலாம். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. உங்கள் எண் 900 என்றால் 900 என்றே சொல்லுங்கள், அந்தப் பகுதி முழுக்க அப்படித்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சம்ப்பையும் மேல் தொட்டியையும் கழுவி நிரப்பி வையுங்கள். காட்டும் நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்தால் காற்று மட்டும் வரக்கூடாது. மழைநீர் சேகரிப்புக் குழியில் சேறு மண்டியிருந்தால் வாரிவிட்டு ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம், மூடிக் கிடந்தால் மேஸ்திரி உதட்டைப் பிதுக்குவார். சம்ப் மூடி ஆடாமல் உட்கார்கிறதா என்பதையும் பாருங்கள், வருகிறவர்களோடு குழந்தைகளும் வருவார்கள்.

காலி செய்வது, பெயிண்ட், வெளிச்சம்

சாமான்களில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றுங்கள். பரணில் பிரிக்காத கல்யாணப் பரிசுப் பெட்டிகள், ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோ, யாரும் படுக்காத இரண்டாவது கட்டில் ஆகியவை முதலில் போகட்டும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்துப் பூட்டும் தவறைச் செய்யாதீர்கள். "அந்த ரூம் சாவி இல்லீங்க" என்றால், ஓதமும் வெடிப்பும் அங்கேதான் என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். போர்ட்டிகோவில் அடுக்குவதும் கூடாது. கார் நிற்கும் இடம் காலியாக இருந்தால்தான் தங்கள் வண்டி கேட்டுக்குள் திரும்பி நுழையுமா என்று ஓட்டியே பார்க்க முடியும்.

மாலை போட்ட பெரியவர்களின் படங்கள் கூடத்துச் சுவரில் இருந்தால் மரியாதையாக இறக்கித் துணியில் சுற்றி எடுத்துவைத்துவிடுங்கள். "இந்த வீட்ல தான் தவறினாங்களா?" என்ற கேள்வி எழுந்து, பேச்சு வேறு பக்கம் போவதை இதனால் தவிர்க்கலாம். பூஜை அறை அப்படியே இருக்கட்டும், விளக்குக் கரியை மட்டும் சுவரிலிருந்து துடைத்துவிடுங்கள்.

உள்சுவருக்கு வெளிர் வெள்ளை அல்லது லேசான சந்தன நிறம். ஒரு சுவர் மட்டும் கத்தரிப்பூ நிறம் இருந்தால் அதை முதலில் மூடுங்கள், அடர்ந்த நிறம் என்பதால் அங்கே மூன்றாவது கோட்டு தேவைப்படலாம். கணக்கு எளிது. 12-க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 480 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 70 கழித்தால் 410. உள்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி வரை வரும். அறைக்கு நான்கு லிட்டர். பெயிண்டர் எட்டு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஆணி அடித்த ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துத் தேய்த்த பிறகே பிரைமர்.

பழைய மொசைக் தரையை மறைத்து மேலே டைல்ஸ் ஒட்டும் செலவு வேண்டாம். மெஷின் போட்டுப் பாலிஷ் செய்த மொசைக்கை இன்று தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு டைல்ஸின் கனத்தில் கதவுகளின் அடி இடிக்க ஆரம்பிக்கும், அறுக்க ஆசாரி தேட வேண்டும். சிவப்பு ஆக்சைடு தரை என்றால் நன்றாகத் துடைத்துக் காய்ந்தபின் மிகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் போதும். அதிகமானால் வழுக்கும். வருகிறவர்களில் வயதானவர்கள் இருப்பார்கள்.

எரியாத பல்பு ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரே அறையில் ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று கலக்காதீர்கள். மஞ்சள் பூத்த சுவிட்சு மூடிகளை மாற்ற ஆகும் செலவு குறைவு, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதிகம். மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய், இடிக்கும் கதவுக்கு இழைப்புளி. முருங்கை மரம் இருந்தால் கம்பளிப்பூச்சி உள்ள கிளைகளைப் பார்த்து ஒடித்துவிடுங்கள், தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டையை இறக்குங்கள்.

அடுக்குமாடி வீடு என்றால் மொட்டை மாடியும் தண்ணீரும் சங்கத்தின் பொறுப்பு. உங்கள் கையில் இருப்பது மேல் வீட்டு பாத்ரூம் கசிவு உங்கள் சீலிங்கில் தெரிகிறதா என்பதும், சங்கத்திடம் வாங்கிய பாக்கியில்லாச் சான்றும், பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்ற விவரமும்தான்.

ஒரு கோப்பு

அறைகளின் அளவு, மனையின் அளவு, கட்டடத்தின் சதுர அடி, கட்டிய வருடம் ஆகியவை ஒரு பக்கம். மனை ஒரு கிரவுண்ட் என்றால் 2400 சதுர அடி என்றும் சேர்த்து எழுதுங்கள், சென்ட் கணக்கில் பழகியவர்களுக்கு ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதன் பின்னால் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புல வரைபடம், அனுமதி பெற்ற பிளான், சொத்து வரி, தண்ணீர் வரி, மின் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்கள். அசல் எதையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு நகலிலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி, ஆதார் எண்ணை மறைத்துவிடுங்கள்.

கோப்பில் சிக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில். வீட்டுக் கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் கடனுக்காக வங்கியிடம் பத்திரம் ஒப்படைத்த பதிவை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கமாட்டார்கள். வில்லங்கத்தில் கடன் இன்னும் நிற்கும். இரண்டாவது, பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது. மூன்றாவது, தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மேலே மாடி எழுப்பியிருப்பது. வங்கியின் மதிப்பீட்டாளர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவார், அனுமதி இல்லாத பகுதியை வங்கி மதிப்பில் சேர்க்காமல் விடலாம். முதல் இரண்டையும் வீட்டைக் காட்டத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், மூன்றாவதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

வாஸ்து பார்ப்பவர் செல்போன் திசைகாட்டியோடு வருவார். இரும்பு கேட்டருகே நின்றால் அது தவறாகக் காட்டும், தெற்குப் பார்த்த வாசலைத் தென்மேற்கு என்று சொல்லிவிடும். புல வரைபடத்தில் வடக்கு எங்கே என்று குறித்திருக்கும், அதை நீட்டுங்கள். ஈசானிய மூலையில் குப்பைக் கூடையும் விளக்குமாறும் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி சுவரை இடித்து வாசலை மாற்றும் யோசனையில் விற்பவர் இறங்கக் கூடாது, வாங்குபவரின் வாஸ்துக்காரர் வேறொன்று சொல்வார்.

காட்டும் நாள்

சனிக்கிழமை என்றால் ராகு காலம் 9 முதல் 10.30, எமகண்டம் 1.30 முதல் 3. ஞாயிறு எமகண்டம் 12 முதல் 1.30, ராகு காலம் 4.30 முதல் 6. உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வருகிறவருக்கு இருக்கலாம். சனி 10.30-க்கு மேல், ஞாயிறு 10 முதல் 12 வரை. அந்த நேரத்தில் வெயிலும் அறைகளுக்குள் நன்றாக விழும். இரண்டு குடும்பங்களுக்கு ஒரே நேரம் கொடுத்துப் போட்டி காட்டும் தந்திரம் தரகர்களுக்குப் பிடிக்கும், வருகிறவர்களுக்குப் பிடிக்காது. முக்கால் மணி இடைவெளி விடுங்கள்.

ஒரு மணி நேரம் முன்பு: ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், துணிக்கொடி காலி, தரை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், செருப்பு விட இடம், நாய் பக்கத்து வீட்டில். நகையும் பணமும் லாக்கரில், மாத்திரைப் பெட்டியும் பேங்க் கடிதங்களும் மேசையில் கிடக்க வேண்டாம். எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில், மொட்டை மாடிக் கதவு உட்பட.

பேசுவதற்கு ஒருவர் மட்டும். அப்பா ஒரு பக்கம் "போர் 120 அடி" என்று சொல்ல, மகன் இன்னொரு பக்கம் "180" என்று சொன்னால் இரண்டையும் நம்பமாட்டார்கள். பெரியவர்களுக்கு "இந்த வீட்டை விக்க மனசே இல்லம்மா" என்று கண் கலங்குவது இயல்பு. அது வாங்குபவரைச் சங்கடப்படுத்தும் என்பதால் அந்த ஒரு மணி நேரம் அவர்களைக் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பலாம். ஏன் விற்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரே வரி, எப்போதும் அதே வரி. வாசலில் வரவேற்று, தண்ணீர் கொடுத்து, ஒரு தடவை சுற்றிக் காட்டிவிட்டு விலகி நில்லுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐந்து நிமிடம் வேண்டும், பின்னாலேயே நடந்தால் பேசமாட்டார்கள். விலைப் பேச்சை அன்றைக்கு எடுத்தால் "உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லி இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

அவர்கள் கிளம்பியதும் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்னென்ன கேட்டார்கள், எங்கே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று குடும்பங்கள் அதே மாடி பாத்ரூம் சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால், விலையைக் குறைக்கும் முன் அந்தச் சுவருக்கு ஒரு கொத்தனாரை அழையுங்கள்.